இரண்டு இருக்கையா, நான்கு இருக்கையா? மஸ்டா எம்.எக்ஸ்-5, ரொயோட்டா ஜி.ஆர்.86 பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: இலண்டன் ஹரோவில் வசிக்கிறேன். வயது 44. குடும்பத்துக்கென்று ஒரு பெரிய கார் வீட்டில் நிற்கிறது. நெடுநாள் ஆசை ஒன்றை இந்தக் கோடையில் நிறைவேற்றிக்கொள்ளலாம் என்று பார்த்ததில், விற்பனை நிலையங்களில் இரண்டு பழைய கார்கள் கண்ணில் பட்டன. ஒன்று, 2021 இல் பதிவான மஸ்டா எம்.எக்ஸ்-5. இரண்டு லீற்றர் எஞ்சின், துணிக்கூரை, 22 ஆயிரம் மைல் ஓடியது. 19 ஆயிரம் பவுண் கேட்கிறார்கள். மற்றது, 2022 இல் பதிவான ரொயோட்டா ஜி.ஆர்.86. 14 ஆயிரம் மைல் ஓடியது. விலை 27 ஆயிரம். இரண்டிலும் கியரைக் கையால்தான் மாற்ற வேண்டும். எனக்கு ஏழு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். நண்பர்கள் எல்லோரும் வேகம் கூடியதை எடு என்கிறார்கள். எட்டாயிரம் பவுண் கூடக் கொடுப்பதில் பொருள் உண்டா?

பதில்: நண்பர்கள் சொல்லும் வேகத்தை முதலில் அளந்து பார்த்துவிடுவோம். ஜி.ஆர்.86 இன் 2.4 லீற்றர் எஞ்சின் 234 குதிரைவலுவும் 250 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையும் (சக்கரத்தைச் சுழற்றும் பலம்) தருகிறது, எம்.எக்ஸ்-5 தருவது 184 குதிரைவலுவும் 205 நியூட்டன் மீற்றரும்தான். ஐம்பது குதிரைவலு வித்தியாசம் என்றால் பெரிதாகத்தான் தெரியும். ஆனால் ரொயோட்டா ஏறத்தாழ 200 கிலோ எடை கூடியது என்பதால், நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தைத் தொட அதற்கு 6.3 விநாடியும் மஸ்டாவுக்கு 6.5 விநாடியும் பிடிக்கின்றன. இந்த ஐந்திலொரு பங்கு விநாடிக்காக எட்டாயிரம் பவுணை எடுத்து வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

ஆனால் அந்தக் கூடுதல் வலு வேறோர் இடத்தில் பயன் தருகிறது. ஜி.ஆர்.86 இன் முழு முறுக்குவிசையும் எஞ்சின் நிமிடத்துக்கு 3,700 சுற்றுகள் சுழலும்போதே கிடைத்துவிடுகிறது. அதனால் எம்1 நெடுஞ்சாலையில் ஒரு பாரவண்டியைக் கடக்க நினைத்தால், கியரை இறக்காமலே மிதித்துவிட்டுப் போகலாம். மஸ்டாவில் அப்படி முடியாது. ஒரு கியரோ இரண்டு கியரோ இறக்கி, 7,500 சுற்று வரை ஓடக்கூடிய அந்த எஞ்சினை ஏற்றிப் பிடிக்க வேண்டும். இது குறையா நிறையா என்பது ஓட்டுபவரைப் பொறுத்தது. கியர்ப் பிடியை அடிக்கடி தொட வேண்டியிருப்பதே இப்படிப்பட்ட காரின் சுவை என்று நினைப்பவர்களுள் நானும் ஒருவன். ஜி.ஆர்.86 இல் எஞ்சின் சத்தத்தை ஒலிபெருக்கி வழியாகவும் உள்ளே கூட்டித் தருகிறார்கள் என்பதை அறிந்தபோது, கச்சேரிக்குப் போய் இசைத்தட்டைக் கேட்டு வந்தவனின் நிலைதான் எனக்கு ஏற்பட்டது.

இனி உங்கள் மகளிடம் வருவோம். இந்த ஒப்பீட்டின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. எம்.எக்ஸ்-5 இல் இரண்டே இருக்கைகள் என்பதால், மூவரும் சேர்ந்து போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஜி.ஆர்.86 இல் பின்னால் இரண்டு இருக்கைகள் உண்டு. ஆனால் அவற்றில் வளர்ந்தவர் எவரும் அமர இயலாது. பிள்ளை அமர்வதானாலும் முன்னால் இருப்பவர் தமது இருக்கையை முன்னே தள்ளிக்கொண்டு, முழங்கால் முன்தட்டில் இடிக்கும் நிலையில்தான் பயணம் செய்ய வேண்டும். இந்த நாட்டுச் சட்டப்படி 12 வயதோ 135 சென்ரிமீற்றர் உயரமோ, எது முந்துகிறதோ அதுவரை பிள்ளைக்குரிய இருக்கையில்தான் இருத்த வேண்டும். ஆகவே அந்த இருக்கையைக் கையோடு கொண்டுபோய் விற்பனை நிலையத்திலேயே ஜி.ஆர்.86 இன் பின்னால் பொருத்திப் பாருங்கள். மகளையும் அதில் இருத்தி, உங்கள் துணைவியாரை அவளுக்கு முன்னால் அமரச் சொல்லுங்கள். மூவரும் முகம் சுளிக்காமல் பத்து நிமிடம் இருந்துவிட்டால், பின்னிருக்கைக்கு ஒரு மதிப்பு உண்டு என்று கணக்கில் சேர்க்கலாம். அதுவும் அவள் வளரும் வேகத்தைப் பார்த்தால் மூன்று, நான்கு ஆண்டுகளுக்குத்தான். வீட்டில் பெரிய கார் நிற்கும்போது அந்தப் பின்னிருக்கை எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளுக்குத் தேவைப்படும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அன்றாட வசதியில் ரொயோட்டாதான் முந்துகிறது. அதன் பின்பெட்டி 226 லீற்றர் கொள்ளும். பின்னிருக்கையின் சாய்மானத்தை மடித்துவிட்டால் நீளமான பொருள்களையும் ஏற்றலாம். மஸ்டாவின் பின்பெட்டி 130 லீற்றர் மட்டுமே. விமானத்தில் கையோடு கொண்டுபோகும் அளவான இரண்டு பெட்டிகளை வைத்தால் நிறைந்துவிடும். பயணியின் முன்னால் வழக்கமாக இருக்கும் சிறு பெட்டிகூட அதில் கிடையாது. இரு இருக்கைகளுக்கும் நடுவே முதுகுப்புறமாக ஓர் அறை வைத்திருக்கிறார்கள். கோப்பை வைக்கும் வளையங்களும் முழங்கைக்குப் பின்னால்தான் இருக்கின்றன, தேநீரை எடுக்க உடம்பைத் திருக வேண்டும். மணிக்கு 70 மைலில் துணிக்கூரையின் இரைச்சலுக்கு மேலாகப் பேசவும் வேண்டும். இவ்வளவு குறையையும் தூக்கி நிறுத்தும் ஒன்று அதில் உண்டு. சிவப்பு விளக்கில் நிற்கும்போது, முன்கண்ணாடிக்கு மேலுள்ள ஒரே கொளுக்கியை விடுவித்து, இருக்கையை விட்டு எழாமலே ஒரு கையால் கூரையைப் பின்னே தள்ளிவிடலாம். பச்சை விளக்கு விழுவதற்குள் வானம் தெரியும். நீங்கள் உயரமானவர் என்றால் மட்டும் கூரையை மூடிய நிலையில் தலை இடிக்கிறதா என்று பாருங்கள். 2019 ஆம் ஆண்டு மாதிரி முதல் ஸ்டியரிங்கை முன்னும் பின்னும் நகர்த்தவும் முடியும் என்பதால், உங்கள் கண்ணில் பட்ட வண்டியில் அந்த வசதி இருக்கும். எஞ்சின் 160 இலிருந்து 184 குதிரைவலுவுக்கு உயர்ந்ததும் அந்த மாற்றத்தில்தான். எனவே விலை குறைவு என்பதற்காக 2016, 2017 வண்டிகளை நோக்கி இறங்க வேண்டாம். அந்தக் காலத்துக் கியர்பெட்டிகளைப் பற்றி உரிமையாளர்கள் பலர் முறையிட்டதுண்டு.

விலை வித்தியாசத்துக்குக் காரணம் பெரும்பாலும் தட்டுப்பாடு. 2022 இல் 29,995 பவுணுக்கு இங்கே விற்பனைக்கு வந்த ஜி.ஆர்.86, ஒதுக்கப்பட்ட எண்ணிக்கை முழுவதும் 90 நிமிடத்தில் பதிவாகிவிட்ட கார். ஐரோப்பாவின் புதிய பாதுகாப்பு விதிகள் 2024 இல் நடைமுறைக்கு வந்தபோது, அவற்றுக்கு ஏற்ப மாற்றியமைக்காமல் இங்கே விற்பதை நிறுத்திவிட்டார்கள். இதனால்தான் அதன் விலை இறங்க மறுக்கிறது. நீங்கள் விற்கும் நாளிலும் அப்படியே இருக்கும் என்று எவரும் உறுதி தர முடியாது. அந்த நம்பிக்கைக்கும் சேர்த்து விலை கொடுக்காதீர்கள்.

ஆண்டு வரியில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. 2017 ஏப்ரலுக்குப் பின் பதிவானவை என்பதால் பொதுவான கட்டணமே பொருந்தும். 2025 ஏப்ரலில் அது 195 பவுண். புதிதாக விற்றபோது 40 ஆயிரத்தைத் தாண்டாதவை என்பதால் மேலதிக வரியும் இல்லை. புகை கூடிய வண்டிகளிடம் இலண்டனில் அறவிடும் கட்டணமும் இவற்றைத் தொடாது. மாறாக, 18 அங்குலச் சக்கரத்தில் ஓடும் ரொயோட்டாவின் ரயர் மஸ்டாவின் 17 அங்குல ரயரைவிடச் செலவு வைக்கும்.

முற்பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை உண்டு. பதிவிலக்கத்தை வைத்து அரசின் இணையத்தளத்தில் எம்.ஓ.ரி. எனப்படும் வாகனத் தகுதிப் பரிசோதனையின் வரலாற்றை இலவசமாகப் பார்க்கலாம். முதல் பரிசோதனை மூன்றாம் ஆண்டில்தான் நடக்கும், ஆனாலும் அதில் பதிவான மைல் கணக்கு இப்போதைய கணக்கோடு ஒத்துப்போகிறதா என்பது தெரிந்துவிடும். வண்டியின் மேல் கடன் பாக்கி உண்டா, விபத்துக்குப் பின் காப்புறுதி நிறுவனத்தால் கழிக்கப்பட்டதா என்பதைச் சிறு கட்டணம் கட்டித் தனியாக விசாரியுங்கள். ஜி.ஆர்.86 பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோகப்பட்டதா என்று நேரடியாகக் கேட்டு, விடையை எழுத்தில் வாங்குங்கள். முன் ரயரின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்து உருண்டிருந்தாலோ, பிறேக் தட்டு நீலம் பாய்ந்திருந்தாலோ, வாய் சொல்லாததை அவை சொல்லிவிடும். பராமரிப்பு ரொயோட்டா நிலையத்திலேயே நடந்திருந்தால் ஒரு நன்மையும் உண்டு: அங்கு செய்யும் ஒவ்வொரு சேவைக்கும் ஓராண்டு உத்தரவாதம் புதுப்பிக்கப்பட்டு, பத்து ஆண்டோ ஒரு லட்சம் மைலோ வரை நீளும். மஸ்டாவில் பார்க்க வேண்டியது துணிக்கூரையின் தையலையும், இருக்கைகளுக்குப் பின்னால் மழைநீர் வடியும் துளைகளையும். இலையும் தூசியும் அங்கே அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே இறங்கும். ஒரு குவளை நீரைக் கூரையின் பின் ஓரத்தில் ஊற்றி, அது காருக்கு அடியில் சொட்டுகிறதா என்று குனிந்து பார்க்கலாம். இருக்கைக்குப் பின்னுள்ள கம்பளத்தைக் கையால் அழுத்தியும் பாருங்கள். ஈரம் தட்டினால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

என் முடிவைக் கேட்டால், நீங்கள் எழுதியதை வைத்து நான் மஸ்டாவையே சொல்வேன். இது உங்கள் ஆசைக்கான இரண்டாவது கார். வசதிக்கு வேறொன்று வீட்டில் இருக்கிறது. எஞ்சிய எட்டாயிரத்தில் ஒரு பகுதியை நல்ல ரயருக்கும் பராமரிப்புக்கும் ஒதுக்கிவிட்டு, மீதியைத் தொடாமல் வைத்திருக்கலாம். பெரிய காரை விற்றுவிட்டு இதையே ஒரே காராக வைத்திருக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் ரொயோட்டாவுக்கு மாறுங்கள்.

கேள்வி: ஒரு விற்பனை நிலையத்தில் பழைய எம்.எக்ஸ்-5 ஒன்றை வாங்கி மூன்று வாரமாகிறது. மூன்றாம் கியருக்கு மாற்றும்போது பல் அரைபடும் சத்தம் கேட்கிறது. "பார்த்து வாங்கிய நிலையில் விற்கப்பட்டது" என்று பற்றுச்சீட்டில் எழுதியிருப்பதால் தமக்குப் பொறுப்பில்லை என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. வணிகர் ஒருவர் நுகர்வோருக்கு விற்கும்போது அந்த வாசகத்துக்குச் சட்டத்தில் மதிப்புக் கிடையாது. 2015 ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, காரின் வயது, விலை, ஓடிய தூரம் ஆகியவற்றைக் கருத்திற்கொண்டு அது திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும். குறை இருந்தால், கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வண்டியைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். உங்களுக்கு ஒரு வாரமே மீதம் இருப்பதால், தொலைபேசியில் வாதாடிக்கொண்டிராமல், வண்டியை ஏற்க மறுக்கிறேன் என்று இன்றே மின்னஞ்சலில் எழுதுங்கள், ஓட்டுவதையும் நிறுத்துங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இந்த 30 நாள் உரிமையைப் பயன்படுத்தும்போது, வாங்கிய நாளிலேயே குறை இருந்தது என்பதைக் காட்ட வேண்டியவர் நீங்கள்தான். ஆகவே அந்த நிலையத்தோடு தொடர்பில்லாத ஒரு கராஜில் சோதித்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். திருத்தித் தரச் சொல்லும் வழியில் போனால், முதல் ஆறு மாதத்துக்குள் தெரிந்த குறை தொடக்கத்திலேயே இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அல்லவென்று காட்டுவது விற்றவரின் பொறுப்பு. ஒருமுறை திருத்தியும் சரிவரவில்லையென்றால் விலையைக் குறைக்கவோ வண்டியைத் திருப்பிக் கொடுக்கவோ கேட்கலாம். ஆனால் அந்தக் கட்டத்தில் நீங்கள் ஓட்டிய தூரத்துக்கு ஒரு தொகையை அவர்கள் கழித்துக்கொள்ள முடியும். விலையில் ஒரு சிறு பகுதியையேனும் கடனட்டையில் கட்டியிருந்தால் நிலைமை இன்னும் நல்லது: நூறு பவுணுக்கு மேற்பட்டு 30 ஆயிரத்தைத் தாண்டாத விலையுள்ள பொருளுக்கு, 1974 ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75 ஆம் பிரிவின்படி அட்டை நிறுவனமும் விற்றவரைப் போலவே பொறுப்பாகும்.

இந்தப் பாதுகாப்பு முழுவதும் வணிகரிடம் வாங்கும்போதுதான். தனியாரிடம் வாங்கினால் வண்டி அவர் விவரித்தபடி இருக்க வேண்டும், விற்கும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும் என்பதற்கு மேல் அதிகம் கேட்க முடியாது. தனியார் விலை சில நூறு பவுண் குறைவாக இருப்பது இதனால்தான்.

கேள்வி: என் மகனுக்கு 20 வயது, ஓட்டுரிமம் பெற்று ஓராண்டு. அவன் ஓட்டுவதற்காக ஓர் எம்.எக்ஸ்-5 எடுக்கிறோம். காப்புறுதி மிக அதிகமாக வருகிறது. என் பெயரில் முதன்மை ஓட்டுநராகப் பதிந்து, அவனை மேலதிக ஓட்டுநராகச் சேர்க்கலாமா?

பதில்: காரைப் பெரும்பாலும் ஓட்டப் போவது அவன் என்றால் கூடாது. நம்மவர் வீடுகளில் இது சாதாரணமாக நடப்பதை அறிவேன். ஆனால் சட்டம் இதை மோசடியாகவே பார்க்கிறது. விபத்து நடந்த பிறகு காப்புறுதி நிறுவனம் இதைக் கண்டுபிடித்தால் இழப்பீட்டை மறுத்து ஒப்பந்தத்தையே செல்லாததாக்கலாம். காப்புறுதியின்றி ஓட்டியதாக உங்கள் மகன் மேல் குற்றம் வந்தால், நிலையான தண்டம் 300 பவுணும் ஆறு புள்ளிகளும். ஓட்டுரிமம் பெற்று இரண்டு ஆண்டுக்குள் ஆறு புள்ளி சேர்ந்தால் உரிமம் பறிபோகும். இரண்டு தேர்வுகளையும் அவன் மறுபடி எழுதி ஓட்டித் தேற வேண்டியிருக்கும்.

அவனையே முதன்மை ஓட்டுநராகப் பதிந்து, உங்களை மேலதிக ஓட்டுநராகச் சேர்ப்பது முறையானது. தொகையும் சிலவேளை சற்றுக் குறையும். 132 குதிரைவலுவுள்ள 1.5 லீற்றர் எம்.எக்ஸ்-5 க்கும் ஒரு மதிப்பீடு கேளுங்கள். குறிப்பிட்ட வண்டியின் பதிவிலக்கத்தைக் கொடுத்து அந்தத் தொகையைக் கையில் வாங்கும்வரை விற்பனை நிலையத்துக்கு முற்பணம் எதுவும் கட்ட வேண்டாம்.