ஏலகிரிக்கும் ஜவ்வாதுக்கும் நடுவே

அன்புள்ள ஐயா,

மலையோ ஆறோ குறுக்கே வந்தால் ஓர் உயிரினம் பிரிந்து புதுச் சிற்றினம் உருவாகும் என்று என் மகளின் பாடத்தில் இருக்கிறது. எங்கள் திருப்பத்தூரில் ஒரு பக்கம் ஏலகிரி, மறுபக்கம் ஜவ்வாது மலை. இரண்டிலும் அதே காக்கை, அதே ஓணான். பாடம் பொய்யா?

ஒரு வாசகர், திருப்பத்தூர்

அன்புள்ள நண்பருக்கு,

பாடம் சரிதான். ஆனால் எது தடை என்பதை வரைபடத்தைப் பார்த்து நாம் முடிவுசெய்ய முடியாது. காக்கைக்கு உங்கள் ஊர்ச் சமவெளி ஒரு பொருட்டே இல்லை. ஓணான் வேலியோரமாகவே பிழைத்து வந்துவிடும். வீட்டுப்பல்லிக்குப் பலாப்பழ வேன் போதும், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவையும் ஏறிவிடும். தலைமுறைக்கு ஒன்றிரண்டு வந்து கலந்தாலே மரபணுக்கள் தற்செயலாக விலகிப்போவது வெகுவாக மட்டுப்படும்.

பாறையிடுக்கையும் நிழலையும் விட்டு நகராத சிறு பாறைப்பல்லிக்கோ அதே சமவெளி கடல் மாதிரி. ஏற்காட்டின் பெயரைத் தாங்கிய நெமாஸ்பிஸ் ஏற்காடென்சிஸ் என்ற இப்படிப்பட்ட பல்லி 2000இல் தனிச் சிற்றினமாக விவரிக்கப்பட்டது. பறக்கத் தெரிந்தாலும் சோலைக்காட்டை விட்டு இறங்காத பறவைக்கும் இதே கதைதான். ஏறக்குறைய 30 கி.மீ. அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் உள்ள நீலச் சோலைப்பறவைக்கு வயிற்றோரம் செம்பழுப்பு. தெற்கே பழனி, ஆனைமலையில் இருப்பதற்கு வெள்ளை வயிறு. இன்று இவை தனித்தனிச் சிற்றினங்கள்.

பிரிந்தால் மட்டும் போதுமா என்பதற்கு உயிரியலாளர் டயான் டாட் 1989இல் வெளியிட்ட பழ ஈ ஆய்வைப் பாருங்கள். ஒரே வம்சத்து ஈக்களைப் பிரித்து, நான்கு கூட்டங்களை மாவுச்சத்திலும் நான்கை மால்டோஸ் சர்க்கரையிலும் பல தலைமுறை வளர்த்தார்கள். பிறகு கலந்து விட்டபோது மாவு ஈ பெரும்பாலும் மாவு ஈயையே துணையாகத் தேடியது. தனித்தனியே வளர்ந்த இரண்டு மாவுக் கூட்டங்களுக்குள் அப்படி எந்தப் பாகுபாடும் இல்லை! பிழைப்பு வேறானதுதான் வேலை செய்திருக்கிறது. உங்கள் இரு மலைகளிலும் பெரும்பாலும் ஒரே மாதிரி இலையுதிர்காடு என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

களத்தில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று. ஏலகிரி உச்சியில் நாலு, ஜவ்வாதில் நாலு பல்லிகளை அளந்து, செதில் எண்ணிக்கை வேறுபட்டால் உடனே புதுச் சிற்றினம் என்பார்கள். இடைப்பட்ட குன்றுகளில் பார்த்தால் அந்த எண்ணிக்கை படிப்படியாக மாறிக்கொண்டே போகலாம். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை மட்டும் நம்பினாலும் தாய்வழிக் கதைதான் கிடைக்கும், ஆண்கள் போய்க் கலந்தது தெரியாது. ஆகவே இடையிலுள்ள ஆலங்காயம் பக்கத்துப் பாறைகளிலும் மாதிரி எடுத்து, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு மரபணுவையும் பார்த்த பிறகே பெயர் வைக்க வேண்டும்.