பிக்அப்புக்குக் கூண்டு போடப் போகிறீர்களா? முதலில் பின்கதவைப் பாருங்கள்

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் சொட்டுநீர்ப் பாசன வேலை எடுத்துச் செய்கிறேன். டபுள் கேபின் பிக்அப் வைத்திருக்கிறேன். வார நாட்களில் பைப், மோட்டார், கருவிகள் ஏற்றுவேன். லீவு விட்டால் குடும்பத்தோடு கொடைக்கானல், மேகமலை என்று கிளம்பிவிடுவோம். பின்தொட்டிக்கு மேல் மூடிய கூண்டு போடலாம் என்று இருக்கிறேன். ஃபைபர் நல்லதா, தகரம் நல்லதா? இரவில் அதிலேயே படுக்கலாமா? பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்து வரலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். கூடாது. கூண்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், ஓடும் வண்டியின் தொட்டியில் ஆள் இருக்கவே கூடாது. அங்கே சீட் பெல்ட் கிடையாது, மோதினால் தாங்குகிற சட்டமும் கிடையாது. இன்னொரு காரணம் புகை. கூண்டு வாங்குகிறவர்கள் பலர் யோசிக்காத விஷயம் அது.

வண்டி வேகமாகப் போகும்போது காற்று கூண்டின் மேலும் பக்கங்களிலும் வழிந்து ஓடுகிறது. பெட்டி மாதிரி சட்டென்று முடிகிற பின்பக்கத்தில் காற்றழுத்தம் குறைந்து ஒரு சுழல் உண்டாகும். சக்கரம் கிளப்பும் புழுதியும் சைலன்சர் புகையும் அந்தச் சுழலில் மாட்டிக்கொண்டு, பின்கதவில் எங்கே இடுக்கு இருக்கிறதோ அதன் வழியாக உள்ளே போய்விடும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. உள்ளே இருப்பவருக்குத் தூக்கம் வருவது போலத்தான் இருக்கும்.

புழுதி எப்படி நுழையும் என்பதை நான் என் முதல் கூண்டில் பார்த்தேன். டி.கல்லுப்பட்டியிலிருந்து பேரையூர்ப் பக்கம் ஒரு கரிசல்காட்டு வண்டிப்பாதையில் கால் மணி நேரம் போயிருப்பேன். இறங்கிப் பின்கதவைத் திறந்தால், நாலாக மடித்து வைத்திருந்த ஜமக்காளத்தின் உள்மடிப்பு வரைக்கும் கறுப்பு மாவு. ஜன்னல் எல்லாம் மூடித்தான் இருந்தது. வந்த வழி, தொட்டிக்கதவு கீழே கீலில் மடங்குகிற இடத்தில் இருந்த விரல் அகல இடைவெளி.

அதனால் கூண்டு பார்க்கப் போனால் பெயின்டையும் கண்ணாடியையும் பார்க்கும் முன் பின்பக்கத்துக்குப் போங்கள். கண்ணாடிக்கதவு வந்து தொட்டிக்கதவில் உட்காரும் இடத்தில் ரப்பர் பீடிங் இருக்கும். அதன் மேல் சாக்பீஸ் தூளைத் தேய்த்து, கதவை மூடித் திறங்கள். எதிர்ப்பக்கம் வெள்ளைக் கோடு விடாமல் பதிந்திருக்க வேண்டும். விட்டுப்போன இடத்தில் புழுதியும் வரும், ஐப்பசி மழையும் வரும். கீல் பக்கத்து இடைவெளிக்குத் தனியாக ரப்பர் பட்டை வைக்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் பெரும்பாலும் வைக்க மாட்டார்கள். கூரையில் முன்னோக்கித் திறக்கும் சின்ன மூடி ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. ஓடும்போது அது காற்றை உள்ளே தள்ளும், உள்ளே அழுத்தம் கூடும், பின்னாலிருந்து இழுப்பது குறையும்.

சரி, ஃபைபரா தகரமா? உங்கள் வேலைக்கு ஃபைபரைத்தான் சொல்வேன். துருப்பிடிக்காது, எடையும் பெரும்பாலும் 60 முதல் 80 கிலோவுக்குள் முடிந்துவிடும். கூரை நடுவில் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். அப்பளம் மாதிரி அமுங்கினால் வேண்டாம். தகரக் கூண்டு அடி தாங்கும், எந்தப் பட்டறையிலும் பற்றவைக்கலாம். ஆனால் மதுரைச் சித்திரை வெயிலில் உள்ளே கை வைக்க முடியாது. எது போட்டாலும் கூரை வெள்ளையாக இருக்கட்டும். கரூர், நாமக்கல் மாதிரி பாடி கட்டுவதற்கே பேர்போன ஊர்களில் செய்தாலும் சரி, உள்ளூரில் செய்தாலும் சரி, கூண்டைத் தொட்டியோடு வெல்டிங் வைக்க விடாதீர்கள். கிளாம்ப் போட்டு இறுக்கினால் போதும். துளை போட்டே ஆக வேண்டும் என்றால், போட்ட கையோடு துளையின் ஓரத்துக்கு பிரைமர் அடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மழைக்காலத்திலேயே துரு இறங்கிவிடும்.

எடைக் கணக்கை ஆர்.சி.யிலிருந்தே போடலாம். மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்தால் வருவதுதான் வண்டி தாங்கும் சுமை. கூண்டு, ஆட்கள், பைப், தண்ணீர் கேன் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கனமான மோட்டாரைத் தரையோடு, கேபினை ஒட்டி வைத்துக் கட்டுங்கள். கூண்டின் தலைமேல் பைப்கட்டு ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் திரும்பினால் வண்டி வெளிப்பக்கம் சாய்வது ஸ்டியரிங்கிலேயே தெரியும். மலைக்குப் போகும் நாளில் மேலே ஒன்றும் வேண்டாம்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் விதிக்க இடம் உண்டு, சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. முன்பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். விளக்குகளும் நம்பர் பிளேட்டும் மறையக் கூடாது. கேபின் கண்ணாடிக்கு மேல் பிரேக் லைட் இருந்தால் கூண்டு அதை மறைத்துவிடும். கூண்டின் பின்னால் ஒன்று வைத்து ஒயர் இழுக்கச் சொல்லுங்கள்.

இரவில் படுக்கலாம், வண்டி நின்றிருந்தால். எஞ்சின் ஓடக் கூடாது, ஏசிக்காகக்கூட. உள்ளே கேஸ் அடுப்பு, கொசுவர்த்தி எதுவும் வேண்டாம். எதிரெதிரே இரண்டு ஜன்னலை நாலு விரல் திறந்து, கொசுவலை அடித்துவிடுங்கள். கொடைக்கானல் குளிருக்குப் பயந்து அதை மூடிவிடாதீர்கள், கம்பளி கூட ஒன்று எடுத்துப் போங்கள். பின்கதவை உள்ளிருந்தும் திறக்க வழி இருக்க வேண்டும். நிறைய பூட்டுகளில் அது இருக்காது. வார நாளில் உரம், பூச்சிமருந்து ஏற்றியிருந்தால் தரையைக் கழுவிக் காயவைக்காமல் பாய் விரிக்காதீர்கள்.

கூண்டு மாட்டி முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் கிளாம்ப்களை ஒரு முறை இறுக்குங்கள். ரப்பர் அமுங்கி இளகியிருக்கும். அப்புறம் மாதம் ஒரு தடவை ஸ்பானர் வைத்துப் பார்த்தால் போதும்.