மாணவர் உரிமம் முடிகிற நாள்

அன்புள்ள அக்கா,

மேடை ஒளியமைப்புப் படிப்பை இப்போதுதான் முடித்தேன். படிக்கும்போது வெக்டர்வொர்க்ஸ் ஸ்பாட்லைட் என்ற மேடை ஒளி வரைபட மென்பொருள் இலவசமாகக் கிடைத்தது. இன்னும் இரண்டு மாதத்தில் அந்த மாணவர் உரிமம் முடிகிறது, முழு விலை கொடுத்து வாங்க வழியில்லை. கைவசம் இருப்பவை இரண்டு சின்ன நாடகங்கள், ஒரு நடன நிகழ்ச்சி. மலிவாக எதைப் பழகலாம்? அந்த மென்பொருள் இல்லாமல் போனால் என்னைத் தொழில்காரனாக மதிப்பார்களா?

ச.

அன்புள்ள ச.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். மதிப்பார்கள். ஏணி உச்சியில் ஒரு கையால் லைட் தொங்கும் பாரைப் பிடித்துக்கொண்டு மறு கையில் உங்கள் தாளை வைத்திருப்பவர், எந்தப் பார், எத்தனையாவது லைட், என்ன ஜெல் (லைட் முன் வைக்கும் வண்ணத்தாள்), எந்த சேனல் (டெஸ்க்கில் அந்த லைட்டை இயக்கும் எண்) என்றுதான் பார்ப்பார். அதை எதில் வரைந்தீர்கள் என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

இரண்டு மாதம் இருக்கிறதே, அதை வீணாக்காதீர்கள். படித்த காலத்தில் வரைந்த அத்தனையையும் பிடிஎஃப் ஆகவும், வேறு வரைபட மென்பொருளும் திறக்கக்கூடிய டிஎக்ஸ்எஃப் ஆகவும், லைட் பட்டியல்களை விரிதாளில் திறக்கும் சிஎஸ்வி ஆகவும் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். நான் இதைச் செய்யவில்லை. உரிமம் முடிந்த மறுவாரம் ஒரு இயக்குநர் பழைய வேலை ஏதாவது காட்டுங்கள் என்று கேட்டார், என்னிடம் இருந்ததோ திறக்க முடியாத கோப்புகள், அதனால் ஒத்திகை நேரத்தில் ஃபோனில் எடுத்த மங்கலான படங்களைக் காட்டிவிட்டு வந்தேன். இன்னொன்று, மாணவர் பதிப்பில் சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது, அச்சிடும்போது அது கல்விப் பதிப்பு என்று தாளிலேயே வந்து காட்டியும் கொடுக்கும். அதனால் அந்த நடன நிகழ்ச்சியை இப்போதே வேறு ஒன்றில் தொடங்குங்கள்.

எதில் என்பதுதானே கேள்வி. விலை கூடிய மென்பொருள் உண்மையில் மூன்று வேலைகளைச் சேர்த்துச் செய்கிறது: வரைவது, பட்டியல் வைப்பது, மேடையில் எப்படித் தெரியும் என்று காட்டுவது. சேர்ந்திருப்பதற்குத்தான் அந்த விலை. ஒரு லைட்டை வரைபடத்தில் நகர்த்தினால் பட்டியலும் தானாக மாறும். முந்நூறு லைட் இருக்கும்போது அது பெரிய வரம், நாற்பது லைட்டுக்குத் தேவையே இல்லை.

வரைய லிப்ரேகேட் என்ற மென்பொருள் போதும். இலவசம், இரு பரிமாணம் மட்டும், டிஎக்ஸ்எஃப் நன்றாகப் பேசும். மேலிருந்து பார்க்கிற வரைபடம் ஒன்று, பக்கவாட்டு வெட்டுப்படம் ஒன்று, 1:50 அளவில். லைட் குறியீடுகளை ஒருமுறை உட்கார்ந்து நீங்களே வரைந்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும், போகட்டும்.

பட்டியலுக்கு லைட்ரைட் என்று தனி மென்பொருளே இருக்கிறது, பெரிய நாடகங்களில் அதுதான் ஓடுகிறது. இப்போதைக்கு சாதாரண விரிதாள் போதும். சேனல், பார், லைட் எண், வகை, வாட், ஜெல், டிஎம்எக்ஸ் முகவரி (டெஸ்க்கின் கட்டளை அந்த லைட்டைச் சேரும் எண்), எதற்காக. அந்தக் கடைசிக் கட்டத்தைப் பலர் காலியாக விடுகிறார்கள். 'இடப்பக்கம் நாற்காலி, இரவு' என்று எழுதி வைத்திருந்தால், எந்த லைட்டை வேறு இடத்துக்கு எடுக்கலாம் என்று அவசரத்தில் உடனே தெரியும்.

அதே விரிதாளில் இன்னொரு தாள் திறந்து கணக்கையும் போட்டுவிடலாம். 26 டிகிரி விரிகிற புரொஃபைல் (விளிம்பு கூர்மையாக விழும் லைட்) எட்டு மீட்டர் தூரத்தில் எவ்வளவு அகலம் விழும்? தூரத்தை 0.46 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 3.7 மீட்டர். பிரகாசத்துக்கு, லைட்டின் கேண்டெலாவை (அது வீசும் ஒளியின் வலிமை) மீட்டரில் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் லக்ஸ், அதாவது அங்கே விழும் வெளிச்சம். 80,000 கேண்டெலா லைட் எட்டு மீட்டரில் 1250 லக்ஸ் தரும், பத்து மீட்டருக்குத் தள்ளினால் 800 தான். மென்பொருள் உள்ளே செய்வதும் இதே கணக்குதான். கையால் பத்து முறை போட்டுப் பாருங்கள், அப்புறம் அரங்கத்துக்குள் நுழைந்ததுமே எந்த லைட் எங்கே என்று கண் சொல்ல ஆரம்பித்துவிடும்.

மூன்றாவது வேலைதான் எல்லோரையும் மயக்குவது. திரையில் புகைமூட்டத்துக்குள் ஒளிக்கற்றை ஓடுகிற படம் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது. அதற்காக கேப்சர் என்ற காட்சி மென்பொருளை வாங்குவதற்கு முன், லைட் டெஸ்க் (லைட்டுகளை இயக்கும் பலகை) செய்கிற கம்பெனிகள் இலவசமாகத் தருவதைப் பாருங்கள். ஈயோஸ் டெஸ்க்கின் மென்பொருளைக் கணினியில் இறக்கலாம், மூன்றாம் பதிப்பிலிருந்து அதற்குள்ளேயே ஆக்மெண்ட்த்ரீடி என்ற முப்பரிமாணக் காட்சி இருக்கிறது. இன்னொரு டெஸ்க்கான கிராண்ட்எம்ஏ3 உடைய ஆன்பிசி மென்பொருளும் அப்படித்தான். உண்மையான லைட்டை இயக்க வேண்டுமென்றால்தான் அவர்களுடைய கருவியை வாங்க வேண்டும், வீட்டில் கியூ (எப்போது எந்த லைட் எப்படி எரிய வேண்டும் என்ற கட்டளை) எழுதிப் பழகச் செலவே இல்லை. இதில் இரட்டை லாபம். படத்துக்குப் படமும் ஆச்சு, நாளை போகிற அரங்கில் இருக்கக்கூடிய டெஸ்க்கும் கைக்குப் பழகியாச்சு. சின்ன நிகழ்ச்சியை மடிக்கணினியிலிருந்தே ஓட்ட வேண்டுமென்றால் க்யூஎல்சி பிளஸ் என்ற மென்பொருள் இருக்கிறது, முற்றிலும் இலவசம்.

தேடும்போது டயலக்ஸ் என்ற பெயரும் வரும். அதுவும் இலவசம், நல்லதும்கூட, ஆனால் அறைக்கும் தெருவுக்கும் வெளிச்சம் கணக்கிடுவது. மேடைக்கு ஆகாது.

சரி, வெக்டர்வொர்க்ஸை மறந்துவிடவா என்றால், வேண்டாம். பெரிய குழுவில் உதவியாளராகச் சேர்ந்தால் அவர்கள் அனுப்புவது அந்தக் கோப்பாகத்தான் இருக்கும். அது சந்தாவாகக் கிடைக்கிறது. அப்படி ஒரு வேலை வரும்போது, குறுகிய காலத்துக்கு எடுக்க முடிந்தால் எடுத்து, அந்தச் செலவை உங்கள் சம்பளத்துக்குள் ஒளிக்காமல் தனி வரியாக எழுதிக் கேளுங்கள். ஜெல்லுக்குக் கேட்பதில்லையா, அதுபோலத்தான்.

நடன நிகழ்ச்சிக்கு அரங்கத்தின் அளவுகள் வந்துவிட்டனவா? வரவில்லையென்றால் இந்த வாரமே ஒரு டேப்போடு போய் வாருங்கள். முக்கியமாக பக்கவாட்டில் லைட் ஸ்டாண்டு நிறுத்த இடம் இருக்கிறதா, திரைச்சீலைக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். அரங்கக்காரர்கள் அனுப்புகிற வரைபடத்தில் அது மட்டும் இருப்பதே இல்லை.