பட்டறைக்குப் போன வெள்ளி, எண் விட்டுப்போன பில்: டிரிக்கர், டிரான்சாக்ஷன் கேள்வி-பதில்

சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் கணக்கு மென்பொருள் எழுதுகிறவர்களும் பராமரிக்கிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. டிரிக்கர் என்பது டேபிளில் வரி சேரும்போதோ மாறும்போதோ அழியும்போதோ டேட்டாபேஸ் தானாகவே ஓட்டும் நிரல். டிரான்சாக்ஷன் என்பது ஒன்றாக நடக்கவோ ஒன்றாக ரத்தாகவோ வேண்டிய கட்டளைகளின் தொகுப்பு. அதை உறுதி செய்வது கமிட், ரத்து செய்வது ரோல்பேக். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரக்கும் பணமும் கைமாறுகிற வேலையை டிரான்சாக்ஷனுக்குள், படிக்கிறவர் கண்ணில் படும்படி எழுத வேண்டும். டிரிக்கரிடம் காவலையும் பதிவையும் மட்டும் ஒப்படைத்தால் போதும். ஏன் என்று கீழே உள்ள பதில்களில் பார்க்கலாம்.

கேள்வி: கொலுசு மொத்தக் கடை ஒன்றுக்கு மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பட்டறைக்குக் கட்டி வெள்ளி கொடுத்து வவுச்சர் போட்டால், ஒரு டிரிக்கர் கடை இருப்பில் கழித்துப் பட்டறைக் கணக்கில் ஏற்றும். மாதக் கடைசியில் இரண்டும் ஒத்துப்போவதில்லை. டிரிக்கர் பாதியில் நின்றுவிடுமா? (செவ்வாய்ப்பேட்டை)

நிற்கும், ஆனால் டேபிள் எந்த என்ஜினில் (தரவைச் சேமிக்கும் உள்பகுதியில்) இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இன்னோடிபி டேபிளில் டிரிக்கருக்குத் தனி வாழ்வு கிடையாது. அதைக் கிளப்பிவிட்ட இன்சர்ட், அதாவது வரி சேர்க்கும் கட்டளை, எந்த டிரான்சாக்ஷனில் இருக்கிறதோ அதற்குள்ளேயே ஓடும். டிரிக்கரில் பிழை வந்தால் இன்சர்ட்டும் சேர்ந்து ரத்தாகும். மைஐசாம் டேபிளில் அப்படி இல்லை. பிழைச் செய்தி வரும், ஆனால் அதுவரை எழுதியது எழுதியபடியே நிற்கும். மைஎஸ்க்யூஎல் 5.5 பதிப்பில்தான், அதாவது 2010-இல்தான், இன்னோடிபி இயல்பான என்ஜின் ஆனது. அதற்கு முன்பு உருவாக்கிய டேபிள்களை அப்படியே புது சர்வருக்குக் கொண்டுவந்திருந்தால் அவை இன்னமும் மைஐசாமாகவே இருக்கலாம். 'ஷோ டேபிள் ஸ்டேட்டஸ்' கொடுத்து என்ஜின் புலத்தைப் பாருங்கள். மூன்றில் ஒரு டேபிள் பழைய என்ஜினில் இருந்தாலும் இந்தக் கோளாறு வரும். பேக்கப் எடுத்துக்கொண்டு, 'ஆல்டர் டேபிள்' மூலம் என்ஜினை மாற்றிவிடுங்கள்.

எனக்கு இதைவிட அதிகச் சந்தேகம் வேறொன்றில். நீங்கள் இன்சர்ட்டுக்கு மட்டும் டிரிக்கர் எழுதியிருப்பதாகத் தெரிகிறது. 2,000 கிராம் என்று வவுச்சர் போட்டார்கள், இருப்பில் 2,000 கழிந்தது. சாயங்காலம் தராசுச் சீட்டைப் பார்த்து அதை 1,200 என்று திருத்தினார்கள். திருத்தம் என்பது அப்டேட், அதற்கு உங்களிடம் டிரிக்கர் இல்லை. வவுச்சரில் 1,200, இருப்பில் 2,000 போனபடியே நிற்கும். வவுச்சரை அழித்தாலும் இதே கதிதான். அப்டேட்டுக்கும் டெலீட்டுக்கும் எழுத வேண்டும். அப்டேட் டிரிக்கரில் பழைய எடையைத் திருப்பி, புது எடையை ஏற்ற வேண்டும். பட்டறையின் பெயரையே மாற்றியிருந்தால் பழைய பட்டறைக்கு ஒன்று, புதுப் பட்டறைக்கு ஒன்று என்று இரண்டு கணக்கைத் தொட வேண்டும். எழுத எழுத இது நீண்டுகொண்டே போகும்.

அதனால்தான் ஓடும் இருப்பை டிரிக்கரில் வைக்க வேண்டாம் என்கிறேன். பேரேடு போல ஒரு டேபிள் வையுங்கள். வெள்ளி கைமாறும்போது ஒரே டிரான்சாக்ஷனில் இரண்டு வரி எழுதுங்கள்: கடையின் பெயரில் கழித்து ஒன்று, பட்டறையின் பெயரில் ஏற்றி ஒன்று. பிறகு கமிட். கொலுசாகத் திரும்பி வரும்போது வந்த எடைக்கு ஒரு ஜோடி, சேதாரத்துக்குத் தனியாக ஒரு ஜோடி. இருப்பு என்பது அந்த வரிகளின் கூட்டுத்தொகை. டச்சை, அதாவது வெள்ளியின் தூய்மை அளவை, ஒவ்வொரு வரியிலும் சேர்த்தே எழுதினால் சுத்த வெள்ளிக் கணக்கும் அதிலிருந்தே வந்துவிடும். எடைப் புலம் ஃப்ளோட்டாக (பின்னத்தைத் தோராயமாக வைக்கும் வகை) இருந்தால் உடனே டெசிமலாக (துல்லியமாக வைக்கும் வகை) மாற்றுங்கள். ஃப்ளோட்டில் கூட்டக் கூட்ட மில்லிகிராம் நழுவும்.

டிரிக்கருக்கு இங்கே நல்ல வேலை ஒன்று இருக்கிறது. பேரேட்டு வரியை யார் அப்டேட் செய்யவோ டெலீட் செய்யவோ வந்தாலும், மாற்றம் நடக்கும் முன்பே ஓடும் பிஃபோர் டிரிக்கரில் 'சிக்னல் எஸ்க்யூஎல்ஸ்டேட் 45000' கொடுத்து மறுத்துவிடுங்கள். தவறாகப் போட்ட வவுச்சருக்கு எதிர்ப்பதிவு போடட்டும். பழைய கணக்குப்பிள்ளைகள் நோட்டில் இப்படித்தான் செய்தார்கள், அந்த முறை இன்றைக்கும் சரியானதே.

கேள்வி: எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கும் சீசனில் ஆள்வாரியாக எடை போட்டு ஏற்றுகிறோம். மழைக்காற்றில் கரண்ட் போனால் ஏற்றியது நிற்குமா? நாள் முழுவதையும் ஒரே டிரான்சாக்ஷனில் வைத்தால் பத்திரம் என்று ஒருவர் சொன்னார். (ஏற்காடு)

தயவுசெய்து அப்படி வைக்காதீர்கள். கமிட் ஆகாத டிரான்சாக்ஷன் கரண்ட் போனால் முழுதாகப் போய்விடும். காலையிலிருந்து நாற்பது பேர் சுமந்து வந்து எடை போட்ட பழம் சாயங்காலம் ஒரு நொடியில் கணக்கில் இல்லாமல் போகும். கூலி கிலோ கணக்கில் என்னும்போது அது அவர்களுடைய அன்றைய சம்பளம். ஒருவரின் ஒரு எடை, அதற்கு ஒரு கமிட், அவர் தராசை விட்டு நகர்வதற்குள். ஒன்றாக நிற்கவோ ஒன்றாக விழவோ வேண்டியது எதுவோ, அந்த அளவுதான் ஒரு டிரான்சாக்ஷன். ஒருவரின் எடைக்கும் அடுத்தவரின் எடைக்கும் அப்படி ஒரு கட்டு இல்லை.

கமிட் ஆனது நிற்குமா என்பதற்கு ஒரு அமைப்பைப் பாருங்கள். மைஎஸ்க்யூஎல்லில் 'இன்னோடிபி ஃப்ளஷ் லாக் அட் டிஆர்எக்ஸ் கமிட்' 1 என்று இருந்தால் ஒவ்வொரு கமிட்டுக்கும் லாக் (மாற்றங்களின் பதிவு) டிஸ்க் வரை இறங்கும். இயல்பான மதிப்பு அதுவே. வேகத்துக்காக யாராவது 2 அல்லது 0 என்று மாற்றியிருந்தால், கரண்ட் போகும்போது கடைசி ஒரு நொடி அளவு கமிட்டுகள் தொலையலாம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 'சிங்க்ரனஸ் கமிட்'டை அணைத்தாலும் கடைசிச் சில கமிட்டுகள் போகும், டேபிள் மட்டும் கெடாது. மலை மேல் 1-இலேயே விடுங்கள், கூடவே ஒரு யுபிஎஸ்.

கேள்வி: ஜிஎஸ்டி பில் எண்ணுக்கு ஆட்டோ இன்கிரிமென்ட் (டேட்டாபேஸ் தானாகவே ஒன்று கூட்டித் தரும் எண்) வைத்தேன். நடுவில் எண்கள் விட்டுப்போகின்றன. ரோல்பேக் ஆனால் எண் திரும்ப வராதா? (ஆத்தூர்)

வராது. அது பிழையும் இல்லை. ஆட்டோ இன்கிரிமென்ட்டும், போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள் டேட்டாபேஸ்களில் அதே வேலையைச் செய்யும் சீக்வென்ஸும் டிரான்சாக்ஷனுக்கு வெளியே நிற்பவை. எண்ணுக்காக ஒருவருக்கு ஒருவர் காத்திருக்கக் கூடாது என்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். உள் அடையாள எண்ணுக்கு அது பொருத்தம், பில் எண்ணுக்குப் பொருந்தாது. சிஜிஎஸ்டி விதி 46 கேட்பது தொடர் வரிசை எண்: 16 எழுத்துக்கு மிகாமல், அந்த நிதியாண்டில் ஒரு முறை மட்டுமே வருவதாக. இன்னொரு ஆபத்தும் உண்டு. மைஎஸ்க்யூஎல் 8.0-க்கு முந்திய பதிப்புகளில் ஆட்டோ இன்கிரிமென்ட் எண் நினைவகத்தில்தான் இருந்தது. கடைசி பில்லை அழித்துவிட்டு சர்வரை மறுபடி ஏற்றினால் அதே எண் இன்னொரு பில்லுக்கு வரும்.

எண்ணுக்கென்று ஒரு சின்ன டேபிள் போடுங்கள். நிதியாண்டு, பில் வரிசை, கடைசி எண், அவ்வளவுதான். டிரான்சாக்ஷனில் அந்த ஒரு வரியை 'செலக்ட் ஃபார் அப்டேட்' போட்டுப் பிடித்து, ஒன்று கூட்டி, பில்லில் எழுதி, கமிட் செய்யுங்கள். ரோல்பேக் ஆனால் எண்ணும் பழைய இடத்துக்கே திரும்பும். அந்த வரியைப் பிடித்திருக்கும்வரை அடுத்த கவுன்டர் காத்திருக்கும் என்பதால், சரக்குச் சரிபார்ப்பு, வரிக் கணக்கு எல்லாம் முடித்து, எண் எடுப்பதைக் கடைசி வேலையாக வையுங்கள். பில் எண் புலத்தில், ஒரே எண் இரண்டு முறை ஏறாமல் தடுக்கும் யூனிக் இண்டெக்ஸும் இருக்கட்டும். டேபிளில் இருக்கும் பெரிய எண்ணோடு ஒன்று கூட்டுவது என்ற வழி வேண்டவே வேண்டாம். இரண்டு கவுன்டர் ஒரே சமயத்தில் கேட்டால் இருவருக்கும் ஒரே எண் வரும். வேண்டாமென்று விட்ட பில்லை அழிக்காமல் 'ரத்து' என்று குறித்து வையுங்கள்.

கேள்வி: லீ பஜாரில் மளிகை மொத்தக் கடை. இரண்டு கவுன்டரில் ஒரே நேரத்தில் பில் போட்டால் சில சமயம் 'டெட்லாக்' என்று வருகிறது. டிரான்சாக்ஷனை எடுத்துவிட்டால் சரியாகுமா?

செய்தி வராமல் போகும், இருப்பு கெடும். முதல் பில்லில் துவரம்பருப்பு, அடுத்து மிளகாய். இரண்டாவது பில்லில் மிளகாய், அடுத்து துவரம்பருப்பு. ஆளுக்கொன்றைப் பூட்டிக்கொண்டு மற்றதற்காகக் காத்திருக்கிறார்கள். இருப்பைக் கழிக்கும் முன் பில்லில் உள்ள சரக்குகளைச் சரக்குக் குறியீட்டு வரிசையில் அடுக்கிவிடுங்கள். எல்லோரும் ஒரே வரிசையில் பூட்டினால் இந்த முட்டுக்கட்டை பெரும்பாலும் வராது.

அப்படியும் வந்தால் பிழை எண்ணைப் பாருங்கள், இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 1213 என்றால் டெட்லாக்: மைஎஸ்க்யூஎல் ஒரு டிரான்சாக்ஷனை முழுதாக ரோல்பேக் செய்துவிட்டது, முதலிலிருந்து மறுபடி ஓட்டுங்கள். 1205 என்றால் பூட்டுக்காகக் காத்திருந்து நேரம் கடந்துவிட்டது, இயல்பாக 50 நொடி. இதில் அந்த ஒரு கட்டளை மட்டுமே ரத்தாகும், அதற்கு முன் செய்தவை டிரான்சாக்ஷனில் அப்படியே நிற்கும். இதைக் கவனிக்காமல் நிரல் அடுத்த வரிக்குப் போய்க் கமிட் கொடுத்தால் பாதி பில் பதிவாகிவிடும். 1205 வந்தால் நீங்களே ரோல்பேக் கொடுங்கள்.

வாடிக்கையாளர் யுபிஐயில் பணம் அனுப்பும்வரை டிரான்சாக்ஷனைத் திறந்தே வைத்திருக்கும் நிரல்களையும் பார்க்கிறேன். மனிதர் கைபேசியைத் தேடும் நேரமெல்லாம் பருப்பு இருப்பு பூட்டிக் கிடக்கும். பணத்துக்குக் காத்திருக்கும் பில்லை அந்த நிலையிலேயே கமிட் செய்து, பணம் வந்ததும் இன்னொரு டிரான்சாக்ஷனில் முடியுங்கள்.

கேள்வி: சேலை விலையை மொத்தமாக ஏற்றினால், டிரிக்கர் எழுதும் விலை மாற்றப் பதிவில் ஒரே ஒரு சேலைதான் ஏறுகிறது. எஸ்க்யூஎல் சர்வர். (இளம்பிள்ளை)

எஸ்க்யூஎல் சர்வரில் டிரிக்கர் கட்டளைக்கு ஒரு முறைதான் ஓடும், எத்தனை வரி மாறினாலும். மாறியவை எல்லாம் 'இன்சர்ட்டட்', 'டெலீட்டட்' என்ற இரண்டு டேபிள்களில் இருக்கும். நீங்கள் அதிலிருந்து ஒரு மாறியில் விலையை எடுக்கிறீர்கள், அதில் ஒரே வரிதான் தங்கும். மாறியை விட்டுவிட்டு, இரண்டு டேபிளையும் சேலைக் குறியீட்டில் ஜாயின் செய்து 'இன்சர்ட் செலக்ட்' ஆக எழுதுங்கள். மைஎஸ்க்யூஎல் டிரிக்கர் வரிக்கு ஒரு முறை ஓடும். போஸ்ட்கிரெஸிலும் ஆரக்கிளிலும் இரண்டு வகையும் உண்டு.

கேள்வி: சார், கல்லூரி புராஜெக்டில் மாணவர் டேபிளின் டிரிக்கருக்குள் அதே டேபிளை அப்டேட் செய்தால் 1442 பிழை வருகிறது. (ஓமலூர்)

மைஎஸ்க்யூஎல் அதை அனுமதிக்காது. அதே வரியின் புலத்தை மாற்றத்தான் நினைக்கிறாய் என்றால் பிஃபோர் டிரிக்கரில் 'செட் நியூ' என்று மதிப்பைப் போட்டால் போதும், அப்டேட்டே தேவையில்லை. மற்ற வரிகளை மாற்ற வேண்டுமென்றால் அது டிரிக்கரில் இருக்க வேண்டிய வேலையே இல்லை, ஸ்டோர்ட் புரொசீஜரில் (டேட்டாபேஸிலேயே இருக்கும், நாமே கூப்பிட்டு ஓட்டும் நிரலில்) எழுது. ஆரக்கிளில் 'மியூட்டேட்டிங் டேபிள்', 04091 என்று வருவதும் இதற்கு உறவுதான். வைவாவில் கேட்பார்கள்.

கேள்வி: எங்கள் பிரைவேட் லிமிடெட் கம்பெனி கணக்கில் யார் எதைத் திருத்தினார் என்ற பதிவு வேண்டும் என்கிறார் ஆடிட்டர். எல்லா டேபிளுக்கும் டிரிக்கர் போட்டால் போதுமா? (அஸ்தம்பட்டி)

2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் அணைக்க முடியாத திருத்தப் பதிவு இருக்க வேண்டும் என்பது விதி. டிரிக்கருக்கு மிகப் பொருத்தமான வேலை இது. எந்த வழியில் வந்து திருத்தினாலும், நிரலைத் தாண்டி நேரடியாக டேபிளில் கை வைத்தாலும் பதிவாகும்.

ஆனால் ஓட்டைகளைத் தெரிந்துகொண்டு போடுங்கள். மென்பொருள் ஒரே டேட்டாபேஸ் பயனர் பெயரில் இணைந்தால், பதிவு முழுக்க அந்த ஒரே பெயர்தான் இருக்கும். இணைந்ததும் உண்மையான ஊழியரின் அடையாளத்தை ஒரு செஷன் மாறியில் (அந்த இணைப்பு இருக்கும்வரை நிற்கும் மாறியில்) வைத்து, டிரிக்கர் அதைப் படிக்கும்படி செய்யுங்கள். டேபிளை மொத்தமாகக் காலி செய்யும் 'ட்ரன்கேட்' கொடுத்தால் டெலீட் டிரிக்கர் ஓடாது. மைஎஸ்க்யூஎல் 8 வரிசையில், ஃபாரின் கீயின் கேஸ்கேட் (ஒரு வரியை அழித்தால் அதைச் சார்ந்த வரிகளும் தானாக அழியும் ஏற்பாடு) வழியாக அழியும் வரிகளுக்கும் டிரிக்கர் ஓடாது. பார்ட்டியை அழித்தால் அவர் வவுச்சர்கள் சுவடில்லாமல் போகும். கணக்கு டேபிள்களில் கேஸ்கேட்டை எடுத்துவிடுங்கள். டிரிக்கரை நீக்கும் உரிமையும் ட்ரன்கேட் உரிமையும் அன்றாடப் பயனருக்கு இருக்கக் கூடாது, பதிவு டேபிளில் அவருக்கு அப்டேட்டும் டெலீட்டும் கூடாது. டிரான்சாக்ஷன் ரோல்பேக் ஆனால் பதிவும் சேர்ந்து போகும். நடந்த மாற்றங்களுக்கான பதிவு என்பதால் அது சரிதான்.

கேள்வி: லோடு ஏறியதும் லாரி உரிமையாளருக்கு எஸ்எம்எஸ் போக வேண்டும். டிரிக்கரிலிருந்தே அனுப்பலாமா? (சங்ககிரி)

கூடாது. அனுப்பிய பிறகு ரோல்பேக் ஆனால் எஸ்எம்எஸ்ஸைத் திரும்ப வாங்க முடியாது. எஸ்எம்எஸ் சேவை தாமதித்தால் உங்கள் டிரான்சாக்ஷனும் அதோடு தொங்கும். 'அனுப்ப வேண்டியவை' என்ற டேபிளில், லோடு பதிவாகும் அதே டிரான்சாக்ஷனில், ஒரு வரி எழுதுங்கள். தனி நிரல் ஒன்று அதைப் படித்து அனுப்பட்டும். போஸ்ட்கிரெஸ் என்றால் 'நோட்டிஃபை' கொடுத்து அந்த நிரலை எழுப்பலாம், கமிட் ஆன பிறகே அந்தச் செய்தி போய்ச்சேரும்.

கேள்வி: வேறொருவர் எழுதிய பழைய மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். புது சர்வருக்கு மாற்றியபின் பில் சேமித்தாலே பிழை. (மேட்டூர்)

டேட்டாபேஸை நகலெடுக்கும் 'மைஎஸ்க்யூஎல்டம்ப்' கொண்டு மாற்றியிருந்தால் காரணம் அநேகமாக இது: அது டிரிக்கர்களைத் தானாகவே சேர்த்து எடுக்கும், ஆனால் ஸ்டோர்ட் புரொசீஜர்களை 'ரூட்டீன்ஸ்' என்ற தெரிவைக் கொடுத்தால்தான் எடுக்கும். டிரிக்கர் வந்துவிட்டது, அது கூப்பிடும் புரொசீஜர் பழைய சர்வரிலேயே தங்கிவிட்டது. பழைய சர்வரை அழிப்பதற்குள் அந்தத் தெரிவோடு மறுபடி எடுங்கள். திட்டமிட்ட 'ஈவென்ட்'கள் இருந்தால் அவற்றுக்கும் தனித் தெரிவு உண்டு. அப்படியே 'ஷோ டிரிக்கர்ஸ்' கொடுத்து, வரும் பட்டியலை அச்செடுத்து ஒவ்வொன்றுக்கும் எதிரே அது என்ன செய்கிறது என்று எழுதி வையுங்கள். உங்களுக்குப் பிறகு வருகிறவருக்கும் அந்தத் தாள் தேவைப்படும்.