மகளுக்கு முதுகு பெல்ட்: எத்தனை மணி நேரம், எத்தனை காலம்?

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டரை வயது, எட்டாவது படிக்கிறாள். சடை பின்னிவிடும்போதுதான் வலது தோளுக்குக் கீழே முதுகு மேடாக இருப்பதைக் கவனித்தேன். எக்ஸ்ரேயில் முதுகுத்தண்டு பக்கவாட்டில் 31 டிகிரி வளைந்திருப்பதாகச் சொல்லி, நாள் முழுக்கப் போடும் பிளாஸ்டிக் பெல்ட் எழுதித் தந்திருக்கிறார்கள். இன்னும் வயசுக்கு வரவில்லை. "இந்த வெயில்ல எப்படிம்மா போடுவேன்" என்று அழுகிறாள். எண்ணெய் போட்டு நீவினாலே சரியாகிவிடும் என்கிறார் அவள் ஆச்சி. பெல்ட் அவசியமா? (அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தாய்)

பதில்: அவசியம்தான் அம்மா. உங்கள் கடிதத்தில் 31 என்ற எண்ணைவிட, இன்னும் வயசுக்கு வரவில்லை என்று எழுதியிருந்ததுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பெண் பிள்ளைகள் மடமடவென்று உயரமாவது பெரும்பாலும் அதற்கு முந்தைய வருடத்தில். அதன்பின் வேகம் குறைந்தாலும், ஏறக்குறைய இரண்டு வருடம் வளர்த்தி இருக்கும். வளைவு கூடுவதும் இந்தக் காலத்தில்தான். இதே 31 டிகிரியோடு வளர்ந்து முடித்த 17 வயதுப் பெண் வந்தால் நான் பெல்ட் எழுத மாட்டேன். வளரும் பிள்ளைக்கு 25-க்குக் கீழே என்றால் கண்காணிப்பு, 25 முதல் 40 வரை பெல்ட், 50-ஐ நெருங்கினால் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு. பொதுவான வழக்கம் இது.

பெல்ட் வளைவை நிரந்தரமாக நிமிர்த்தாது. இதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டு வருடம் கழித்து ஏமாந்துபோவீர்கள். புடைத்த பக்கத்தை அழுத்தி, எதிர்ப்பக்கம் இடம் விட்டு, வளர்த்தி முடியும்வரை தண்டைப் பிடித்து வைப்பதே அதன் வேலை. 31 டிகிரி அதே அளவில் நின்றுவிட்டால் நமக்கு வெற்றி. அதற்கு உங்கள் மகளின் உடம்பை அளந்து, அச்செடுத்துச் செய்யவேண்டும். மெடிக்கலில் விற்கும் இடுப்புவலி பெல்ட் இதற்கு உதவாது.

எவ்வளவு பலன்? 2013-இல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வொன்று இதைத் தெளிவாகக் காட்டியது. பெல்ட் போட்ட பிள்ளைகளில் 72 சதவீதம் பேர் 50 டிகிரியைத் தொடாமல் வளர்ந்து முடித்தார்கள். போடாதவர்களில் 48 சதவீதம். ஆக, போடாமலே தப்பிக்கும் பிள்ளைகளும் உண்டு. ஆனால் அது எந்தப் பிள்ளை என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. அதே ஆய்வில், தினம் சராசரியாக 13 மணி நேரம் அல்லது அதற்கு மேல் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் பலன் கிடைத்தது. போட்ட மணி நேரம் கூடக்கூடப் பலனும் கூடியது. பெல்ட்டை வாங்கி பீரோவில் வைத்தால் ஒன்றும் நடக்காது.

மருத்துவர்கள் கேட்பது பெரும்பாலும் 18 மணி நேரம். பயப்படாமல் கணக்குப் போடுங்கள். மாலை ஐந்துக்குப் போட்டு மறுநாள் காலை ஏழுக்குக் கழற்றினாலே 14 மணி வந்துவிடுகிறது. அதில் பாதிக்கு மேல் தூக்கம். மீதியைப் பள்ளியில் நாலு மணி நேரம் போட்டு நிரப்பலாம். சீருடையை ஒரு சைஸ் பெரிதாகத் தையுங்கள். மேலே ஓவர்கோட் இருந்தால் வெளியே அவ்வளவாகத் தெரியாது. குளிக்க, விளையாட, ஆற்றில் நீந்த, தேரோட்டம் பார்க்கப் போகக் கழற்றிக்கொள்ளட்டும். முதல் நாளே 18 மணி நேரம் போடச் சொல்லாதீர்கள். இரண்டு மணியில் தொடங்கி, ஒன்றிரண்டு வாரத்தில் ஏற்றுங்கள்.

வெயிலைப் பற்றி அவள் சொல்வது நியாயம். நம்மூர்ச் சித்திரையில் பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருப்பது சும்மா இல்லை. உள்ளே இறுக்கமான, சுருக்கம் விழாத பருத்தி பனியன் போடட்டும். பள்ளிக்கு மாற்றுப் பனியன் ஒன்று கொடுத்தனுப்புங்கள். பெல்ட்டுக்கு அடியில் எண்ணெய், பவுடர், கிரீம் எதுவும் வேண்டாம். தோல் ஊறிப் புண்ணாகும். கழற்றியதும் தெரியும் சிவப்பு அரைமணியில் மறைந்தால் சரி. மறையாமல் நின்றாலோ கொப்பளித்தாலோ, செய்தவரிடம் போய் அந்த இடத்தைச் சரிசெய்து வாங்குங்கள். பெல்ட்டை சோப்புத் தண்ணீரால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள்.

ஆச்சியின் மனம் நோக வேண்டாம். எண்ணெய்க் குளியல் தாராளமாக இருக்கட்டும், பிசுக்குப் போனபின் பெல்ட். ஆனால் நீவி நிமிர்த்துகிறேன், நெட்டி எடுக்கிறேன் என்று முதுகை முறுக்க யாரையும் விடாதீர்கள். எலும்பு வளைவு அதில் நிமிராது. புத்தகப் பையோ, உட்காரும் விதமோ, பாயில் படுப்பதோ இதற்குக் காரணமில்லை. உங்கள் தவறும் இல்லை, அவள் தவறும் இல்லை. உறவில் யாராவது கல்யாணம், பிள்ளைப்பேறு என்று அவள் காதுபடப் பேசினால் அங்கேயே நிறுத்துங்கள். இந்த அளவு வளைவு தாய்மைக்குத் தடையல்ல.

புது பெல்ட் வந்ததும், அதைப் போட்டபடியே ஓர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். அதில் வளைவு நன்றாகக் குறைந்து தெரியவேண்டும். குறையாவிட்டால் பெல்ட்டைத் திருத்தவேண்டும். பிறகு நாலு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். அளப்பதிலேயே ஐந்து டிகிரிவரை வித்தியாசம் வரும் என்பதால் 31 அடுத்தமுறை 34 ஆனால் கலங்காதீர்கள். இரவில் தூக்கம் கெடும் வலி, கால் மரத்தல், சிறுநீர் போவதில் மாற்றம் இருந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே போங்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவிலும் காட்டலாம். இதற்கென்று உள்ள உடற்பயிற்சிகளைப் பிசியோதெரபிஸ்டிடம் கற்கட்டும், பெல்ட்டோடு சேர்த்து.

எத்தனை காலம் என்றால், உயரம் நிற்கும்வரை. எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பின் மேல்விளிம்பைப் பார்த்து மருத்துவர் சொல்வார். நீங்களும் வீட்டில் கதவு நிலையில் மாதம் ஒரு கோடு போட்டு, தேதி எழுதி வையுங்கள். கோட்டை அவளே போடட்டும். ஆறு மாதமாகக் கோடு ஏறவில்லை என்றால், அந்தத் தேதிகளை எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். பெல்ட்டைக் குறைப்பது பற்றி அப்போது பேசலாம்.