பழசுதான், போன வருஷம் எடுத்தது

அன்புள்ள அக்கா,

நாலைந்து வருடமாக உங்களை வாசிக்கிறேன். எனக்கு 41 வயது, இரண்டு பிள்ளைகள், திண்டுக்கல்லில் இருக்கிறோம். போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக மதுரைக்குப் போனபோது சுங்குடிச் சேலை ஒன்று எடுத்தேன். கத்தரிப்பூ நிறம், வெள்ளைப் புள்ளி, அரக்கு பார்டர். கையால் முடிச்சுப் போட்டது என்று கடைக்காரர் சொன்னார். மூன்று வாரம் பீரோவில் அடியில் வைத்திருந்துவிட்டு போன வெள்ளிக்கிழமைதான் கட்டினேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு “புதுசா?” என்றார். “பழசுதான், போன வருஷம் எடுத்தது” என்று சொல்லிவிட்டேன். அவர் கோபக்காரர் இல்லை. எடுத்ததும் என் சம்பளத்தில்தான். பிறகு ஏன் பொய் சொன்னேன் என்று யோசித்து யோசித்து, ஒரு சேலைக்கு இவ்வளவு யோசனையா என்று வெட்கமாகிவிட்டது. இன்னொரு கேள்வி. அது நிஜமாகவே கை முடிச்சுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

பொய்யைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் சேலை.

பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரமாக அதை விரித்து, ஒரே ஒரு புள்ளியை உற்றுப் பாருங்கள். கை முடிச்சு என்றால் அது ஒழுங்கான வட்டமாக இருக்காது. கொஞ்சம் சதுரமாக, கொஞ்சம் கோணலாக இருக்கும். நடுவில் சேலையின் நிறத்திலேயே பொட்டு வைத்தது போல ஒரு துளி தெரியும். துணியை நகத்தால் கிள்ளி எடுத்து நூலைச் சுற்றிக் கட்டிச் சாயத்தில் முக்கும்போது, நூல் இறுகின இடம் வெள்ளையாக நின்றுவிடும், மேலே துருத்திக்கொண்டிருக்கிற நுனி மட்டும் சாயத்தைக் குடித்துவிடும். அந்த நுனிதான் நடுவில் தெரிகிற துளி. பக்கத்துப் புள்ளியைப் பார்த்தால் அது வேறு மாதிரி இருக்கும். எல்லாப் புள்ளியும் அச்சில் வார்த்தது போல இருந்து, துணியைத் திருப்பினால் பின்பக்கம் மங்கலாகவும் இருந்தால் அது பிரிண்ட்.

பிரிண்ட் என்றால் மட்டம் என்று சொல்லவில்லை. உங்கள் ஊரிலிருந்து மதுரைக்குப் போகிற வழியில் இருக்கிற சின்னாளப்பட்டியில் மெழுகு வைத்தும் அச்சு வைத்தும் போடுகிற சுங்குடிகள் எனக்கு அலுவலகத்துக்கு வருஷக்கணக்கில் உழைத்திருக்கின்றன. மே மாத வெயிலுக்கு அதைவிட நல்ல துணி எனக்குத் தெரியாது. பிரிண்டைக் கை முடிச்சு விலைக்கு நம் தலையில் கட்டும்போதுதான் எரிச்சல் வருகிறது. நானே ஒருமுறை அப்படி ஏமாந்து, வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் கட்டிக் கிழித்தேன்.

மதுரையில் இந்த வேலை சௌராஷ்டிரக் குடும்பங்களோடு வந்தது. 2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, நம் மதுரை மல்லிக்கு அது 2013இல்தான் கிடைத்தது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. போடுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டில் இருக்கிற பெண்கள், சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் போடுகிறவர்கள். கூலியோ சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. அதனால் ‘ஒரு சேலைக்கு இவ்வளவு யோசனையா’ என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. அந்தச் சேலைக்கு உங்களுக்கு முன்னாலேயே ஒருத்தி எவ்வளவோ யோசித்திருக்கிறாள்.

நான் கை முடிச்சைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டது கடையில் இல்லை, அம்மாவிடம். எங்கள் தெருவுக்குச் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு தவணைச் சேலைக்காரர் வருவார். வாரம் பத்து ரூபாய். வரவு எழுதுகிற அட்டையை அம்மா அரிசி டின்னுக்குள் வைத்திருப்பாள், தவிட்டு மணத்தோடு இருக்கும் அது. மூட்டையைப் பிரித்ததும் அம்மாவின் கை முதலில் மஞ்சளுக்கும் கிளிப்பச்சைக்கும்தான் போகும். தொட்டுப் பார்ப்பாள், மடிப்பை நீவி விடுவாள், அப்புறம் காப்பிப்பொடி நிறத்தில் ஒன்றை எடுத்துக்கொள்வாள். அதில் அழுக்கு தெரியாதாம். அவள் உடுத்தின சேலை எல்லாமே அழுக்கு தெரியாத நிறம். அப்பா கேட்டால் அவளும் உங்கள் பதிலைத்தான் சொல்வாள். போன வருஷம் எடுத்தது.

அம்மாவுக்கு எழுபது வயதானபோது மஞ்சளில் சிவப்புப் பார்டர் போட்ட கை முடிச்சுச் சுங்குடி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கண்புரை ஆபரேஷன் செய்திருந்த சமயம், இன்னும் ஒரு கண்ணில் கட்டு. “எனக்கு எதுக்குடி இதெல்லாம்” என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டி வாங்கினாள். மடியில் வைத்து விரலால் தடவினாள். புதுச் சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியும் லேசாகப் புடைத்து, துணி முழுக்கச் சின்னச் சின்னச் சுருக்கமாக இருக்கும் இல்லையா, அதன்மேல் விரல் ஏறி இறங்கியது. “கையால கட்டினதுதான்” என்றாள், பார்க்காமலேயே. அப்புறம், “தண்ணி பட்டா இந்தச் சுருக்கம் போயிடும், நான் துவைக்காமலே ரெண்டு தடவை உடுத்திக்கிறேன்” என்றாள். அழுக்கு தெரியுமே என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இப்போது உங்கள் பொய். பயத்தில் சொன்னது இல்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், நானும் நம்புகிறேன். எனக்குத் தோன்றுவது இதுதான். வீட்டில் ஒரு தாய் வாங்குகிற எல்லாவற்றுக்கும் யாராவது ஒருவர் பெயர் இருக்கிறது. நெய் பெரியவனுக்கு, சப்போட்டா சின்னவளுக்கு, புது மெத்தை அவர் முதுகுவலிக்கு. யார் பெயரும் இல்லாத பொருள் ஒன்று வீட்டுக்குள் வந்தால் நமக்கே கை கூசுகிறது. உடனே அதைப் பழசாக்கிவிடுகிறோம். பழைய பொருளுக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. என் கணவர் தினமும் இரண்டு வேளை டீக்கடைக்குப் போய்ச் செய்தித்தாள் பார்த்துவிட்டு வருகிறார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாளாவது “நேற்றுக் குடித்த டீதான் இது” என்று அவர் சொன்னதில்லை.

நான் மட்டும் யோக்கியமா? பழசு என்றும் சொல்லியிருக்கிறேன், தள்ளுபடியில் கிடைத்தது என்றும் சொல்லியிருக்கிறேன். இன்னொரு வழியும் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும்: மகளுக்குத் துப்பட்டா வாங்கப் போன இடத்தில் ‘கூடவே’ எடுத்தது. முன்பு மதுரை மீனாட்சி கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் தூணுக்குத் தூண் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பார்களே, அங்கே கொடுத்து ஜாக்கெட்டையும் தைத்துக் கையோடு கொண்டுவந்து நேராகப் பழைய துணி அடுக்குக்குள் செருகிவிடுவேன். இப்போது அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். என் பழக்கம் மாறவில்லை.

உங்கள் சேலையின் முதல் அலசலுக்குக் கல் உப்பு போட்ட குளிர்ந்த தண்ணீர், தனியாக. மிஷினில் போட வேண்டாம். நிழலில் காயட்டும். கஞ்சி லேசாகப் போதும், விறைத்தால் சுங்குடிக்கு அழகில்லை. கத்தரிப்பூ நிறத்துக்கு அரக்கு ஜாக்கெட்டை எல்லோரும் போடுவார்கள். பாசிப்பயறு நிறத்தில் ஒன்று போட்டுப் பாருங்கள், எனக்காக.

போன தீபாவளிக்கு முன்னால் நானும் ஒரு சுங்குடி எடுத்தேன். மயில்கழுத்து நிறம். வழக்கம்போல வீட்டில் பழசு என்று சொல்லியாகிவிட்டது. நான் ஒரு தடவைதான் கட்டினேன். பொங்கலுக்குக் கல்லூரி விழா என்று மகள் எடுத்துக்கொண்டு போனாள். தோளில் இரண்டு ஊக்கு ஓட்டை, கொசுவத்தில் சாம்பார்க் கறையோடு திரும்பி வந்தது. புதுச் சேலையை இப்படியா பண்ணுவாய் என்று கத்தினேன். செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலேயே, “புதுசா? போன வருஷம் எடுத்ததுன்னு அப்பாகிட்ட நீதானேம்மா சொன்ன” என்றாள்.

அன்புடன்,
அக்கா