பதவிக்கு வருவதற்கு முன் வித்தியாசமான வேலை பார்த்த நாட்டுத் தலைவர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்?

ஜெர்மனியின் மெர்க்கல் குவாண்டம் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். போலந்தின் வலேசா கதான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் எலக்ட்ரீஷியன். அமெரிக்காவின் ட்ரூமன் கான்சாஸ் சிட்டியில் ஆண்களுக்கான ஜவுளிக் கடை வைத்து நொடித்துப் போனவர். இவர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். நான் பிரேசில் அதிபர் லூலாவோடு நிறுத்திக்கொள்கிறேன். காரணம் சுயநலம்தான்: அவரும் டர்னர், நானும் டர்னர். கோவை கணபதியில் 19 வருடம் லேத் ஓட்டியிருக்கிறேன்.

ஷூ பாலிஷ் போட்ட சிறுவன் ஜனாதிபதி ஆனான் என்று வாட்ஸப்பில் அவர் கதையை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பொய் இல்லை. 1945இல் பெர்னம்புகோ மாநிலத்தின் வறண்ட உட்பகுதியில் பிறந்தவர். 1952இல் அவருடைய அம்மா பிள்ளைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு 13 நாள் பயணம் செய்து சாவோ பாலோ மாநிலத்துக்கு வந்தார். வந்து பார்த்தால் அப்பாவுக்கு அங்கே இன்னொரு குடும்பம். பையன் தெருவில் கடலையும் ஆரஞ்சும் விற்றான், ஷூவும் துடைத்தான். ஆனால் அந்த வயதில் ஷூ துடைத்த பிள்ளைகள் பிரேசிலில் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள். அவரைத் தனியாகப் பிரித்தது செனாய்.

செனாய் என்பது நம் ஐ.டி.ஐ. மாதிரி. நடத்துவது அரசாங்கம் அல்ல, தொழிலதிபர்களின் அமைப்பு. ஸ்க்ரூ செய்யும் ஒரு ஃபாக்டரியில் வேலை பார்த்துக்கொண்டே அங்கே டர்னர் படித்தார். லேத் பக்கம் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன்: சக் என்ற பிடியில் இரும்பைப் பிடித்துச் சுழலவிட்டு, டூல் கொடுத்துக் கடைய வேண்டும். அளவு ஒரு தலைமுடி தப்பினாலும் ஜாப் ரிஜெக்ட். அதனால் டர்னருக்கு எந்தப் பட்டறையிலும் கொஞ்சம் மிதப்பு உண்டு, கூலியும் ஒரு படி மேலே. ஏழைப் பையன் ஒருவன் கையில் தொழிலோடு நிமிர்ந்து நின்ற இடம் அதுதான்.

அப்புறம் அந்த விரல். படங்களில் பாருங்கள், இடது கையில் சுண்டுவிரல் இருக்காது. பதினெட்டு வயசு வாக்கில், நைட் ஷிப்டில் பிரஸ் மெஷினின் ஸ்க்ரூ ஒன்று உடைந்துவிட்டது. புது ஸ்க்ரூ கடைந்து கொண்டுபோய் மாட்டும்போது, கூட இருந்தவர் தூக்கக் கலக்கத்தில் பிடியை விட்டுவிட்டார். பிரஸ் விரலில் இறங்கியது. முதலாளி காலையில் வரும்வரை காத்திருந்துதான் டாக்டரிடம் போனார். நஷ்டஈட்டுப் பணத்தில் அம்மாவுக்கு மேசை நாற்காலி வாங்கிக் கொடுத்தாராம்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பட்டறைப் பையன் ஒருவன் ஞாபகம் வந்தான். பனியன் வேஸ்ட்டைச் சுற்றி அவன் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆட்டோவுக்காக நின்றது நான்தான். போனில் முதலாளி முதலில் கேட்டது, மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று.

சரி, இதோடு லூலா வீராவேசமாகத் தொழிற்சங்கத்துக்குப் போனார் என்று நினைத்தால், அதுவும் இல்லை. அவருக்கு ஃபுட்பால் பைத்தியம், அரசியல் பிடிக்காது. அண்ணன்தான் இழுத்துக்கொண்டு போனார். 1972இல் சங்கச் செயலாளர் ஆனபின் தொழிலாளிகளின் பென்ஷன், சேமநிதி விவகாரங்களைப் பார்த்தார். மனுவும் ஃபாரமுமாக, கிட்டத்தட்ட குமாஸ்தா வேலை. எனக்கு அவர் வாழ்க்கையில் முக்கியமாகப் படுவது இந்த வருடங்கள்தான். ஒவ்வொருவன் வீட்டுக் கணக்கும் தெரிந்த ஆளாகத்தான் 1975இல் சங்கத் தலைவர் ஆனார். ராணுவ ஆட்சி நடந்த காலம் அது. 1979 வேலைநிறுத்தத்தில் ஸ்டேடியம் நிறையத் தொழிலாளிகள் கூடியபோது சரியான மைக் செட் இல்லை. அவர் சொன்னதை முன்வரிசை பின்வரிசைக்குத் திருப்பிச் சொல்ல, பேச்சு அப்படியே கடைசி வரிசைவரை போனது. அடுத்த வருடம் ஜெயிலில் 31 நாள். அம்மா இறந்ததும் அப்போதுதான்.

அதற்குப் பிறகு 1989, 1994, 1998 என்று மூன்று அதிபர் தேர்தல் தோல்விகள். 2002இல் ஜெயித்தார். பிரேசிலில் ஜெயித்தவருக்குத் தேர்தல் நீதிமன்றம் டிப்ளமோ கொடுக்கும். அதை வாங்கியபோது அழுதார். காலேஜ் டிப்ளமோ இல்லை என்று பல முறை குத்திக்காட்டப்பட்ட தனக்கு இதுவே முதல் டிப்ளமோ என்றார். ஊரே நெகிழ்ந்தது. எனக்கு மட்டும் கொஞ்சம் சுருக்கென்றது. செனாயில் வாங்கிய டர்னர் சர்டிபிகேட் என்ன ஆச்சு, தலைவரே?